இடக்கைப் பக்கம் தெற்கு: ஒரு கற்பனைத் தீவின் ஊர்ப்பெயர்கள்

ஐந்து முனை நட்சத்திரம் போல ஒரு தீவு. வடக்கே நீளும் முனைக்கு ஃபோரோஸ்தார் என்று பெயர். மேற்கே அந்துஸ்தார், கிழக்கே ஓர்ரோஸ்தார். தெற்கில் முனை இரண்டு: தென்மேற்கே ஹ்யார்நுஸ்தார், தென்கிழக்கே ஹ்யார்ரோஸ்தார். நடுப்பகுதிக்கு மித்தல்மார், அதாவது உள்நாடு. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கினின் (1892–1973) கற்பனையில் எழுந்து, அந்தக் கற்பனைக்குள்ளேயே கடலில் மூழ்கிப்போன நூமெனோர் தீவு இது.

இந்தப் பெயர்களைப் பிரித்துப் படிக்கலாம். இவை க்வென்யா என்ற மொழியில் உள்ளவை. தன் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாருக்காக டோல்கின் பல பத்தாண்டுகள் இழைத்து இழைத்து உருவாக்கிய மொழி அது. அதில் நூமென் மேற்கு, ரோமென் கிழக்கு, ஹ்யார்மென் தெற்கு, ஃபோர்மென் வடக்கு. ஹ்யாரும் நூவும் சேர்ந்தால் தென்மேற்கு, ஹ்யாரும் ரோவும் சேர்ந்தால் தென்கிழக்கு. கிழக்குக் கரைத் துறைமுகம் ரோமென்னா, 'கிழக்கு நோக்கி'. மேற்குக் கரைத் துறைமுகம் அந்தூனியே, 'சூரியன் மறைவது'. வரைபடத்தை மூடி வைத்துவிட்டுப் பெயரை மட்டும் கேட்டாலே ஊர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

சரி, இதுவரை பொறுமை உள்ள எவரும் செய்யக்கூடிய வேலைதான். என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடியில் இருக்கும் ஒன்று. ஹ்யார்மென் என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'இடக்கைப் பக்கம்'. ஃபோர்மென் என்றால் 'வலக்கைப் பக்கம்'. தெற்கு இடக்கையிலும் வடக்கு வலக்கையிலும் வர வேண்டுமென்றால் மனிதர் எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும்? நின்று பாருங்கள். மேற்கு.

நம் உலகில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். சமஸ்கிருதத்தில் 'தக்ஷிண' என்றால் வலப்பக்கம், தெற்கும் அதுவே. தக்காணம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. 'பூர்வ' என்றால் முன்பக்கம், கிழக்கு. 'பச்சிம' என்றால் பின்பக்கம், மேற்கு. அரபு மொழியில் 'யமீன்' வலக்கை, யெமன் நாட்டின் பெயரும் அந்த வேரோடு உறவுள்ளது. 'ஷிமால்' என்ற சொல்லுக்கு வடக்கு, இடக்கை என இரண்டு பொருளும் உண்டு. டோல்கின் காதலித்துப் படித்த வெல்ஷ் மொழியிலும் தெற்குக்கும் வலக்கைக்கும் ஒரே சொல். இந்த மக்கள் எல்லாரும் சூரியன் எழும் திசையைப் பார்த்து நின்று உலகை அளந்தவர்கள். டோல்கினின் எல்ஃப்களுக்கோ தெய்வங்கள் வாழும் புண்ணிய பூமி மேற்குக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அவர்கள் முகம் அங்கேயே திரும்பியிருக்கிறது. ஆக, ஒரு திசைச்சொல்லின் வேருக்குள் ஓர் இனத்தின் சமயமே அடங்கிவிட்டது. பல மனித மொழிகளில் இந்த ஏற்பாடு எதிர்மாறானது என்று 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலுக்கு 1955இல் வெளியான பின்னிணைப்பு ஒன்றில் அவரே குறித்திருக்கிறார்.

தமிழ் இதில் தனி வழி. நம் திசைச்சொற்களில் கை இல்லை, நிலம் இருக்கிறது. கிழக்கில் இருப்பது 'கீழ்', மேற்கில் இருப்பது 'மேல்'. மேற்கே மலைத்தொடர் உயர்ந்து, நிலம் கிழக்குக் கடல் நோக்கிச் சரியும் நாட்டில் பிறந்த சொற்கள் இவை. அந்த மலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கினால் எல்லாம் மாறிவிடும். மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆனாலும் மலையாளத்தில் கிழக்குக்குக் கிழக்கு என்றே பெயர். அண்ணாந்து மலையைப் பார்த்தபடி அதைக் 'கீழ்' என்கிறார்கள். மேற்கை மட்டும் படிஞ்ஞாறு, ஞாயிறு படியும் திசை, என்று மாற்றிக்கொண்டார்கள். கால்டுவெல் இதைக் கவனித்து, மலையாளம் பேசியவர்களின் முன்னோர் மலைக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டினார். பொருள் பொருந்தாமல் போன பிறகும் சொல் அப்படியே நிற்கிறது. நிற்பதால்தான் அது வந்த வழி நமக்குத் தெரிகிறது.

டோல்கினுக்கு இந்த இயல்பு கைப்பழக்கமாகவே தெரியும். 1919, 1920 ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தவர் அவர். டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு வேர் தேடுவது அவர் பணி. வால்ரஸ் என்ற ஒரு சொல்லின் பிறப்பை விளக்க மட்டும் பல வரைவுகளை எழுதிப் பார்த்திருக்கிறார். ஒரு பெயருக்குப் பொருள் வைப்பது எளிது. அந்தப் பொருள் மழுங்கிய தடத்தையும் சேர்த்து வைப்பதுதான் கடினம் என்பதை இப்படிப்பட்ட வேலை பார்த்தவர் அறிந்திருப்பார்.

நூமெனோர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முழு வடிவம் நூமெனோரே. 'மேற்கு நாடு' என்பது எல்லாருக்கும் தெரிந்த பொருள். ஆனால் அவர் மறைந்து 4 ஆண்டுகளுக்குப் பின், 1977இல் வெளியான 'சில்மரில்லியன்' நூலின் சொல்லடைவில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. நாடு என்பதற்கான பழைய வேர் 'ந்தோர்'. தமிழில் 'ந்த' என்று ஒரு சொல் தொடங்க முடியாது அல்லவா? க்வென்யாவிலும் அப்படித்தான், மெய்க்கூட்டோடு சொல் தொடங்காது. அதனால் அங்கே அந்த வேர் 'நோர்' என்று தேய்ந்தது. அதன் தங்கை மொழியான சிந்தாரினில் முன்னால் இருந்த மெல்லெழுத்து உதிர்ந்து 'தோர்' ஆனது. அவர் கதைகளில் வரும் கோந்தோர், மோர்தோர் ஆகிய நாட்டுப் பெயர்களின் வால் அதுதான்.

இப்போது சிக்கல். க்வென்யாவில் 'நோரே' என்று வேறொரு சொல் ஏற்கெனவே உண்டு. அதன் பொருள் 'மக்கள்'. தேய்ந்த நோரும் இந்த நோரேயும் ஒலியில் நெருங்கி ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. உண்மையில் நூமெனோரே என்றால் 'மேற்கத்திய மக்கள்' என்றும், நாட்டைச் சொல்ல வேண்டுமானால் 'நூமெந்தோர்' என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்றும் அந்தக் குறிப்பு சொல்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. தான் படைத்த தீவின் பெயரிலேயே ஒரு மரூஉவை, ஒரு தப்பான பொருளைப் புதைத்து வைத்திருக்கிறார்! அதே தீவின் இன்னொரு பெயர் அந்தோர், 'கொடையாகக் கிடைத்த நாடு'. அங்கே 'ந்த' சொல்லின் நடுவில் வருவதால் பழைய வடிவம் சேதமில்லாமல் பிழைத்தது. ஒரே வேர், ஒரே தீவு, இரண்டு விதி.

இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க 1516க்குப் போகலாம். தாமஸ் மோர் லத்தீனில் எழுதிய 'உட்டோப்பியா' தீவின் பெயருக்குக் கிரேக்கத்தில் 'இல்லாத இடம்' என்று பொருள். அதன் ஆறு அனிட்ரஸ், 'நீரில்லாதது'. தலைநகர் அமௌரோட்டம், 'மங்கலானது'. கிரேக்கம் படித்த நண்பர்கள் படித்தவுடன் பிடித்துக்கொள்வதற்காக வைத்த பெயர்கள் அவை. அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. ஆனால் அந்த ஆற்றங்கரையில் யாரும் குளித்துக் கரையேறியதாகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் ஒரு பெயரும் எந்த வாயிலும் தேய்ந்திருக்கவில்லை.

நிஜத் தீவுகளில் தேய்மானம் எப்படி நடக்கிறது என்பதற்கு இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கும் லண்டித் தீவு போதும். வைகிங் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'லுண்டி' என்பது பஃபின் என்ற கடற்பறவை, 'எய்' என்றால் தீவு. பறவைத் தீவு. நார்ஸ் பேசுவோர் போன பிறகு அந்த 'எய்' யாருக்கும் புரியவில்லை. அதனால் ஆங்கிலத்தில் இன்னொரு தடவை தீவு என்று ஒட்டிக்கொண்டார்கள். பறவைத் தீவுத் தீவு. 'நடு சென்டர்' என்று நாம் சொல்வதில்லையா, அப்படித்தான்.

ஒலி விஷயத்துக்கு வருவோம். ஒரு நாட்டின் பத்துப் பெயர்களைக் கேட்டால் பதினோராவது பெயர் அந்த நாட்டுடையதா என்று காது சொல்லிவிடும். காரணம், எந்த ஒலி முதலில் வரலாம், எது கடைசியில் வரலாம் என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் வேலி உண்டு. தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று பட்டியல் போட்டது இதைத்தான். க்வென்யாவில் சொல் உயிரில் முடியும், இல்லாவிட்டால் ந், ர், ல், ஸ், த் போன்ற சில மெய்களில் முடியும். குழைந்து ஒலிக்கும் 'ப', 'த', 'க' ஒலிகள், அதாவது 'அன்பு', 'பந்து', 'தங்கம்' ஆகியவற்றில் வருபவை, தனியாக வராது. மெல்லெழுத்துக்கோ ல், ர் ஆகியவற்றுக்கோ பின்னால்தான் வரும். டோல்கின் இதற்கு அடித்தளமாக எடுத்தது ஃபின்னிஷ் மொழியை. ஆனாலும் மெல்லெழுத்துக்குப் பின் வல்லெழுத்து குழையும் பழக்கம் தமிழ்க் காதுக்கு அந்நியமாகத் தெரியாது.

மொழியே இல்லாமல் காதை மட்டும் நம்பியும் தீவுகளுக்குப் பெயரிட முடியும். அர்சுலா லெ குவினின், 1968இல் முதல் நாவல் வெளியான 'எர்த்சீ' முழுக்கத் தீவுகளால் ஆன உலகம். ரோக், கோன்ட், ஹாவ்னோர் என்று அவர் வைத்த பெயர்களுக்குப் பின்னால் முழு மொழி எதுவும் கிடையாது. முதலில் உட்கார்ந்து வரைபடத்தை வரைந்தார், பிறகு பெயர்களுக்குக் காது கொடுத்தார். மூன்று தீவுகளுக்குத் தன் பிள்ளைகளின் செல்லப்பெயர்களைச் சூட்டியதாக 1973இல் ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பெயர்கள் நிற்கின்றன. கோன்ட் என்று சொல்லும்போதே பாறை தட்டுப்படுகிறது. ஒலிக்கும் வடிவத்துக்கும் இருக்கும் இந்த ஒட்டுறவை 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் எழுதிய ஆய்வு பிரபலமாக்கியது. முள்ளாக நீட்டிய ஓர் உருவம், உருண்டையான ஓர் உருவம் ஆகியவற்றைக் காட்டி எது கிகி, எது பூபா என்று கேட்டால் சுமார் 95 சதவீதம் பேர் முள்ளைத்தான் கிகி என்கிறார்கள்.

நூமெனோருக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கே இன்னும் ஓர் அடுக்கு இருக்கிறது. க்வென்யா அரசவை மொழி. சாமானிய மக்கள் வீட்டில் பேசியது அதூனாயிக் என்ற வேறு மொழி. தலைநகர் அரசவைக்கு ஆர்மெனெலோஸ், மக்களுக்கு ஆர்மினலேத். தீவே அவர்களுக்கு அனதூனே. பிற்காலத்து மன்னர்கள் எல்ஃப்களை வெறுக்கத் தொடங்கியபோது தங்கள் பட்டப்பெயர்களை அதூனாயிக்குக்கு மாற்றினார்கள், எல்ஃப் மொழிகளையே தடை செய்தார்கள். ஊர்ப்பெயர் அரசியல் ஆவது கற்பனை உலகிலும் அப்படியேதான் நடக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு இணை உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லைடன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. ஆம்ஸ்டர்டாமும் லைடனும் பழைய வரைபடங்களோடு போய்விட்டன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் ஓடுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் நெடுந்தீவுதான்.

நூமெனோர் கடலில் மூழ்கிய பின் அதன் பெயரும் மாறியது. அதூனாயிக்கில் அகல்லபேத், க்வென்யாவில் அதலாந்தே. இரண்டுக்கும் 'வீழ்ந்தது' என்றே பொருள். அதலாந்தே! பழங்கதையில் மூழ்கிய தீவான அட்லாண்டிஸ் நினைவுக்கு வராமல் போகுமா? 'தலத்' என்ற வேருக்குச் சரிதல், விழுதல் என்ற பொருளைத் தான் முன்பே வைத்திருந்ததாகவும், அந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்தது என்றும் டோல்கின் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அட்லாண்டிஸின் கதையைச் சொன்ன பிளேட்டோவுக்கும் பெயர்ச் சிக்கல் இருந்தது. தொலைதூரத் தீவு மக்களுக்கு ஏன் கிரேக்கப் பெயர்கள்? அதற்கு அவர் 'கிரித்தியாஸ்' உரையாடலில் பதில் வைத்திருக்கிறார்: எகிப்தியர் அந்தப் பெயர்களின் பொருளைத் தங்கள் மொழிக்கு மாற்றினார்கள், அவர்களிடம் கதை கேட்ட ஏதென்ஸ் அறிஞன் சோலோன் அதைக் கிரேக்கத்துக்கு மாற்றினான். இன்றைக்குச் சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு படைப்பாளி, வாசகர் இப்படிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

மூழ்கிய தீவிலிருந்து தப்பியவர்கள் கப்பலேறிப் பெருநிலத்துக்குப் போகிறார்கள். அங்கே கோந்தோர் முதலான நாடுகளை நிறுவி ஆற்றுக்கும் மலைக்கும் தங்கள் மொழியில் பெயர் வைக்கிறார்கள். ஆனால் உம்பார், அர்னாக், எரெக், எய்லெனாக், ரிம்மோன் என்று சில இடங்களுக்கு மட்டும் அவர்கள் வரும் முன்பே பெயர் இருந்தது. அவற்றின் மூலம் மறந்துபோனது, நூமெனோர்க் கப்பல்கள் கடலில் இறங்குவதற்கு முந்தைய காலத்தவை என்கிறது 1955இன் பின்னிணைப்பு. ஒவ்வொரு பெயருக்கும் வேர் எழுதி வைக்கும் மனிதர், இந்த ஐந்தையும் அங்கே பொருள் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தில் இதை நிஜமாகவே பார்க்கலாம். நார்ஸ் மாலுமிகள் வந்து குடியேறி ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். வால்சே என்பது திமிங்கலத் தீவு, பிரித்தால் உடனே புரியும். ஆனால் அன்ஸ்ட், யெல், ஃபெட்லர் என்ற மூன்று தீவுகளின் பெயர்கள் நார்ஸுக்கு வசப்படுவதில்லை. அங்கே முன்பு வாழ்ந்தவர்கள் வைத்தவை அவை என்பதே ஆய்வாளர்களின் கருத்து. வந்த மாலுமிகள் பெயரைக் காதில் வாங்கி, தங்கள் நாக்குக்கு ஏற்பத் திருத்திச் சொல்லி, அப்படியே வைத்துக்கொண்டார்கள்.