என்டர்பிரைஸில் டீ ஆற்றுவது எப்படி?

ஸ்டார் ட்ரெக் என்கிற அமெரிக்க விண்வெளித் தொடரில் எதிரி சுடுவான், என்டர்பிரைஸ் என்ற விண்கப்பல் குலுங்கும், கேடயம் போகும், கரண்ட் போகும், மூச்சுவிடுகிற காற்றுக்கே ஆபத்து வரும், கேப்டன் நாற்காலியிலிருந்து உருண்டு கீழே விழுவார். கீழே விழுவார் என்பதைக் கவனியுங்கள். கப்பலில் எது கெட்டாலும் ஈர்ப்பு மட்டும் கெடாது. 1966-லிருந்து இத்தனை தொடர்கள், இத்தனை சீசன்கள் வந்தாயிற்று, ஆட்கள் மிதக்கிற காட்சி அபூர்வத்திலும் அபூர்வம்.

அடுத்த சீசனை எழுதும் வேலையை யாராவது தெரியாத்தனமாக என்னிடம் கொடுத்தால், கப்பலின் தரைக்கடியில் இருந்து எடையை உண்டாக்குவதாகத் தொடர் சொல்கிற அந்த ஈர்ப்புத் தகட்டை முதல் எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்தில் எரித்துவிடுவேன். சீசன் முடிகிறவரை ரிப்பேர் ஆகவே கூடாது. தகடு இல்லாமல் ஒரு கப்பலில் எடையை உண்டாக்க இயற்பியல் ஒரு வழி வைத்திருக்கிறது, அந்த வழியில் கதைக்கு வேண்டிய வில்லங்கமெல்லாம் சேர்ந்தே வருகிறது. இத்தனை வருடமாக அதைத் தொடாமல் விட்டிருக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் தகட்டின் கதையை முடித்துவிடுவோம். ஈர்ப்புக்கு நிறை வேண்டும், ஸ்விட்ச் போட்டு வரவழைக்கிற சமாச்சாரம் இல்லை அது. பரந்த தட்டையான தகடு ஒன்றை வைத்துப் பூமியில் இருக்கிற அளவு ஈர்ப்பு வேண்டுமென்றால், அதன் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 2.3 கோடி டன் நிறையை அடைக்க வேண்டும். சரி, எங்கோ ஒரு கிரகத்தில் அப்படியொரு பொருள் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தகடு மேலே இருப்பவரையும் இழுக்கும், கீழே இருப்பவரையும் இழுக்கும். மேல்தளத்து ஆள் ஒழுங்காகத் தரையில் நிற்பார், கீழ்த்தளத்து ஆள் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்வார். தளத்துக்கு ஒரு தகடு வைத்தாலோ இன்னும் மோசம். இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பவரை இரண்டும் சம பலத்தோடு எதிரெதிராக இழுத்து, கடைசியில் அவர் மிதந்துகொண்டுதான் இருப்பார்.

“மச்சி, காந்த பூட்ஸ் போட்டா முடிஞ்சிடுச்சே?” என்று வேளச்சேரி நண்பர் ஒருவர் கேட்டார். கால் ஒட்டும், அவ்வளவுதான். ரத்தம், எலும்பு, காதுக்குள் இருக்கிற திரவம் எதுவும் பூட்ஸ் போட்டுக்கொள்ளாது. சர்வதேச விண்வெளி நிலையம் பறக்கிற சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்கூடப் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் ஆட்களும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எடை மட்டும் தெரிவதில்லை. அங்கே மாதக்கணக்கில் தங்குகிறவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை அடர்த்தியை இழக்கக்கூடும். அதற்காகத்தான் தினமும் இரண்டு மணி நேரம் போலப் பட்டையைக் கட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்கிறார்கள்.

அப்புறம் என்னதான் வழி? சுழல வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து இறங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். பஸ் திரும்புகிறது, உடம்பு நேராகவே போகப் பார்க்கிறது, கடைசியில் பஸ்ஸின் பக்கச் சுவர் வந்து நம்மைத் தள்ளித் திருப்புகிறது. நமக்கு என்னவோ யாரோ சுவர்ப்பக்கம் இழுப்பது மாதிரி இருக்கும். அந்த வளைவு முடியாமல் சுற்றிக்கொண்டே போய், வேகமும் போதுமான அளவு இருந்துவிட்டால் அந்தச் சுவர்தான் தரை. அதன்மேல் நிற்கலாம், நடக்கலாம், பாய் விரித்துப் படுக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டார் ட்ரெக்கின் முதல் எபிசோட் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது 1966 செப்டம்பர் 8. நான்கே நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று ஜெமினி 11 என்ற அமெரிக்க விண்கலம் கிளம்பியது. அதில் போன பீட் கான்ராடும் ரிச்சர்ட் கார்டனும் தங்கள் கலத்தை அஜெனா என்ற ஆளில்லாக் கலத்தோடு 30 மீட்டர் பட்டையால் கட்டி, இரண்டையும் ஒன்றையொன்று சுற்றவிட்டார்கள். கிடைத்த எடை பூமியில் இருப்பதில் சுமார் 0.00015 பங்கு, உடம்புக்குத் தெரியவே தெரியாத அளவு. ஆனால் கருவிப் பலகையை ஒட்டிப் பிடித்துக் கையை விட்ட கேமரா, மெதுவாக நேர்கோட்டில் நகர்ந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. டிவியில் மந்திரத் தகடு அறிமுகமான அதே வாரத்தில், வானத்தில் நிஜ வழியை இரண்டு பேர் செய்து காட்டிவிட்டார்கள். டிவிக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை!

எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை ஆரம் முடிவு செய்கிறது. சின்ன வளையம் என்றால் வேகமாகச் சுற்ற வேண்டும், பெரியதென்றால் மெதுவாகச் சுற்றினால் போதும். 10 மீட்டர் ஆரம் உள்ள வளையத்தில் பூமியின் எடை வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் ஒன்பதரைச் சுற்று. அதில் நிற்பவருடைய தலை, பாதத்தைவிட மையத்துக்கு அருகில் இருப்பதால், தலைக்குக் கிடைப்பது பாதத்துக்குக் கிடைப்பதில் 83 சதவீதம்தான். அதைவிடப் பெரிய தொல்லை காதில் இருக்கிறது. உட்செவியில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் மூன்று திசைகளில் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். அறை ஒரு திசையில் சுழன்றுகொண்டிருக்கும்போது நீங்கள் தலையை வேறு திசையில் திருப்பினால், இரண்டும் கலந்து மூன்றாவது திசையில் சுழல்வதாக அந்தக் குழாய்கள் புகார் செய்யும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசத் திரும்பியிருப்பீர்கள், அறையே குட்டிக்கரணம் அடிப்பதாகத் தோன்றும். பிறகு வாந்திதான். ப்ளோரிடாவின் பென்சகோலாவில் அமெரிக்கக் கடற்படை 1950-களின் கடைசியிலிருந்து சுழலும் அறைக்குள் ஆட்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு சுற்றில் பெரிய தொந்தரவு இல்லை, 3 சுற்றில் சிலருக்குக் குமட்டல், 10 சுற்று என்றால் பெரும்பாடு. பழகப் பழகக் குறையும் என்பதும் அங்கே தெரிந்ததுதான். பொதுவாக 2 சுற்று என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் சமாளிப்பார்கள் என்பது கணக்கு, அதற்கு 224 மீட்டர் ஆரம் வேண்டும். விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 168 கிலோமீட்டர். இந்த 168-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சேப்பாக்கம் வரும்போது தேவைப்படும்.

இந்த 224 மீட்டர் வளையத்தில் நம்மூர் டீ மாஸ்டர் ஒருவரை நிறுத்துவோம். மேல் கையில் குவளை, கீழ்க் கையில் கிளாஸ், நடுவில் ஒரு மீட்டர் இறக்கம். மேல் குவளை மையத்துக்குக் கொஞ்சம் அருகில் இருப்பதால் அது போகிற வட்டம் சின்னது, வேகமும் கொஞ்சம் குறைவு. குவளையை விட்டுக் கிளம்பிய டீ அந்தக் குறைந்த வேகத்தோடேயே நேர்கோட்டில் போகிறது, கீழே இருக்கிற கிளாஸோ முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. விளைவு, டீ சுழற்சிக்குப் பின்பக்கமாக 6 சென்டிமீட்டர் தள்ளி விழும். கிளாஸின் வாயே அவ்வளவு அகலம்தான். மாஸ்டர் ஒரே நாளில் பழகிக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அவர் கடையில் திரும்பி நின்று ஆற்றினால் விலகலும் வலதுக்கு இடதாக மாறிவிடும். 10 மீட்டர் வளையத்தில் இதே விலகல் 33 சென்டிமீட்டர். அங்கே டீக்கடை நடத்த முடியாது.

இப்போது கிரிக்கெட். அந்த 224 மீட்டர் வளையத்தில், சுழலும் திசையிலேயே நீளவாட்டில் ஒரு பிட்ச் போடுவோம். காற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம். மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசுகிற பவுலர் சுழலும் திசையில் பந்தை விட்டால், அவருடைய வேகமும் விளிம்பின் வேகமும் கூடிக்கொள்ளும். எடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே பந்துக்கு மட்டும் பூமியைப் போல 3.3 மடங்கு எடை வந்துவிடும். தரைக்கு இணையாக விட்டாலும் 14 மீட்டரிலேயே குத்திவிடும். ஓவர் முடிந்து அடுத்த முனைக்கு வருகிறார், அதே பந்து, அதே கை, அதே வேகம். இம்முறை சுழற்சிக்கு எதிராக வீசுகிறார். 168-இல் 140 போக மீதி 28 கிலோமீட்டர்தான். பந்துக்குப் பூமியில் இருக்கிற எடையில் 3 சதவீதம்கூட இல்லை. அது குத்தவே குத்தாது, பவுலரின் கையிலிருந்து கிளம்பிய உயரத்திலேயே பேட்ஸ்மேன் தலைக்கு மேலே போய், கீப்பர் தலைக்கும் மேலே போய்க்கொண்டே இருக்கும். 2003 உலகக் கோப்பையில் ஷோயிப் அக்தர் வீசிய 161.3 கிலோமீட்டர் பந்தை இங்கே எதிர்த்திசையில் வீசியிருந்தால் எடை கிட்டத்தட்டப் பூஜ்யம்தான்.

காற்றைச் சேர்த்துக்கொண்டால் அது கப்பலோடு சேர்ந்து சுழல்வதால் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு வரும், மிதப்பு நிரந்தரமாக நீடிக்காது. பிட்சைத் திருப்பி, கப்பலின் அச்சுக்கு இணையாகப் போட்டால் இரண்டு முனையும் சமம், ஆனால் விரலே அசைக்காமல் பந்து சில அங்குலம் பக்கவாட்டில் விலகும். சேப்பாக்கம் பிட்சைக் குறை சொல்கிறவர்கள் இங்கே வந்து ஆடிப் பார்க்கட்டும். ஓடினாலே எடை மாறும் என்பது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. 1973-இல் விண்ணுக்குப் போன ஸ்கைலாப் நிலையத்தில் வீரர்கள் வட்டமாக அமைந்த அலமாரிகளின்மேல் ஓடி, நிலையம் சும்மா இருக்க, தங்கள் ஓட்டத்தாலேயே எடையை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு சரக்கு இருந்தும் தொடர் ஏன் தொடவில்லை? காசுதான். 1968-இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்காக நிஜமாகவே சுழல்கிற, சுமார் 12 மீட்டர் விட்டமுள்ள செட் ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு மட்டும் ஏழரை லட்சம் டாலர் ஆனது. வாராவாரம் ஒரு எபிசோட் முடிக்க வேண்டிய டிவி கம்பெனி தகடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டது, நியாயம்தான். இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது. செட்டைச் சுழற்ற வேண்டிய அவசியமே இல்லை, விழுகிற பொருளைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வளைத்தால் போதும்.

என் சீசனுக்கு வருவோம். 1987-இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் என்டர்பிரைஸுக்கு ஒரு வசதி உண்டு, தட்டு மாதிரி இருக்கிற முன்பகுதியைத் தனியாகக் கழற்றலாம். தகடு எரிந்ததும் என் இன்ஜினியர் ஜெமினி 11-ஐ நினைத்துக்கொள்கிறார். தட்டையும் இன்ஜின் பகுதியையும் பிரித்து, நடுவில் 2 கிலோமீட்டர் கேபிள் கட்டி, பக்கவாட்டு ராக்கெட்டால் ஒரு உந்து உந்திச் சுழலவிடுகிறார். கேபிளைக் கூரைப்பக்கம்தான் கட்ட வேண்டும், அடியில் கட்டினால் எல்லோரும் கூரையில் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். இரண்டும் சம நிறை என்றால் ஆரம் 1 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 63 நொடி, காதுக்குத் தொல்லை கிடையாது. சுழல ஆரம்பித்த பிறகு எரிபொருளும் வேண்டாம்.

வில்லங்கம் இனிமேல்தான். அந்தத் தட்டு 400 மீட்டருக்கும் மேல் அகலம். தரை தட்டையாக இருக்கிறது, ஆனால் எடையின் திசை சுழற்சி அச்சிலிருந்து வெளியே விரிந்து போகிறது. ஆக, சுழலும் திசையில் நடுவிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிற அறைகளில் தரை 11 டிகிரி சரிந்தது போல இருக்கும், ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம். அச்சுத் திசையில் இருக்கிற அறைகளில் சரிவே இல்லை. சமமான அறை யாருக்கு, சரிவான அறை யாருக்கு என்று இரண்டாம் எபிசோடிலேயே சண்டை ஆரம்பித்துவிடும், நிச்சயம் அதிகாரிகள் முந்திக்கொள்வார்கள். இன்ஜின் பகுதி கனமாக இருந்தால் அது மையத்துக்கு அருகில் வந்துவிடும், அங்கே வேலை செய்பவர்களுக்குத் தட்டில் இருப்பவர்களைவிட எடை குறைவு, எலும்பு தேய்வது மட்டும் அதிகம். லிஃப்ட் நொடிக்கு 5 மீட்டரில் மேலே ஏறினால் உள்ளே இருப்பவரை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பலத்தோடு பக்கச் சுவரில் சாய்க்கும்.

வில்லனுக்கு ஆயுதமே தேவையில்லை, கேபிள் சுற்றுகிற வின்ச் போதும். கேபிளை உள்ளே இழுத்தால் சுழற்சி வேகமெடுக்கும், எடை ஆரத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகக் கூடும். 2 கிலோமீட்டரை 1.6 ஆக்கினாலே எல்லோருக்கும் எடை ஏறத்தாழ இரட்டிப்பு. 70 கிலோ ஆள் 137 கிலோவைச் சுமந்துகொண்டு படியேறி வின்ச் அறைக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் என் எட்டாம் எபிசோட் முழுக்க.

கடைசி எபிசோடில் கேபிள் அறுகிறது. தட்டு வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படாது, அந்த நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் தொடுகோட்டிலேயே மணிக்குச் சுமார் 355 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும், உள்ளே எல்லோரும் அதே நொடியில் மிதப்பார்கள். இன்ஜின் பகுதி எதிர்த்திசையில் போகிறது. தட்டைத் துரத்திப் பிடிக்குமா என்று சொல்லாமல் அங்கேயே சீசனை நிறுத்திவிடுவேன். ரசிகர்கள் திட்டுவார்கள்தான், 1990-இல் இதே தொடர் கேப்டன் பிக்கார்டை எதிரிகளிடம் விட்டுவிட்டு, சுடச் சொல்லி உத்தரவு போட்ட கையோடு ஒரு சீசனை முடித்தபோதும் திட்டினார்கள், அடுத்த சீசனை உட்கார்ந்து பார்க்கவும் செய்தார்கள்.