பெர்லின் சுவரும் பாதாளச் சாக்கடையும்

நகரங்களுக்குக் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் திட்டமிடுவது என் வேலை. தெருவை மறித்துச் சுவர் கட்டலாமா என்று யாராவது கேட்டால், அதன் அடியில் என்னென்ன ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பெர்லின் சுவரின் வரலாற்றைப் படிக்கும்போதும் கண் அங்கேதான் போகிறது.

1961 ஆகஸ்ட் 13 அதிகாலையில் முள்கம்பியோடு தொடங்கிய வேலை அது. தன் மக்கள் மேற்கே போய்விடாமல் தடுக்கக் கிழக்கு ஜெர்மனி போட்ட வேலி, போகப் போகக் கான்கிரீட் ஆனது. மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்த மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே தனித்துக் கிடந்த பாதி நகரம். அதைச் சுற்றி மொத்தம் சுமார் 155 கி.மீ.; நகரத்தின் நடுவே மட்டும் 43 கி.மீ. குறைந்தது 140 பேர் அங்கே உயிரிழந்தார்கள். பெர்னாவர் தெருவில் ஒரு பக்க வீடுகளின் முன்சுவரே எல்லை. வீட்டுக்குள் இருந்தால் கிழக்கு, வாசலில் இறங்கினால் மேற்கு. மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். அப்புறம் ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

சரி, மண்ணுக்குக் கீழே? சாக்கடை வலைப்பின்னல் 19ஆம் நூற்றாண்டிலேயே முழு நகரத்துக்குமாகப் போடப்பட்டது. அதனால் சுவர் வந்த பிறகும் மேற்கின் கழிவுநீரில் ஒரு பகுதி கிழக்குக்கே போனது. மேற்கு அதற்குப் பணம் கட்டியது. சாக்கடை வழியாகச் சிலர் தப்பியதும் உள்ளே இரும்புக் கம்பித் தடுப்புகள் வந்தன. கம்பித் தடுப்பு வைத்த சாக்கடையில் குப்பை சேர்ந்து அடைக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். காவலுக்கு நின்றவர்களுக்கு அது கவலையில்லை.

மேற்கின் சுரங்க ரயில்கள் இரண்டு தடங்களில் கிழக்கு பெர்லினுக்கு அடியில் ஓடின. வழியிலிருந்த கிழக்கு நிலையங்களில், ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ தவிர, எதிலும் நிற்காது. மங்கலான வெளிச்சத்தில் ஆயுதக் காவலர் மட்டும் நிற்கும் அந்த இடங்களைப் 'பேய் நிலையங்கள்' என்றார்கள்.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது மின்சாரம். 1952இலேயே இணைப்பு துண்டிக்கப்பட்டதால் மேற்கு பெர்லின் ஒரு மின் தீவாக இருந்தது. மின் தேவையின் திடீர் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க 1986இல் 17 மெகாவாட் பேட்டரி நிலையமே வைத்தார்கள். 1989 நவம்பர் 9 அன்று எல்லை திறந்தது. வெளி மின்வலையோடு மீண்டும் இணைந்தது 1994 டிசம்பரில். சுவரால் துண்டான, நகரைச் சுற்றும் வட்ட ரயில்பாதை மீண்டும் முழுமையானது 2002இல். மேற்கு 1967இல் கைவிட்ட டிராம் இன்றும் பெரும்பாலும் கிழக்கில்தான் ஓடுகிறது.

உங்கள் பகுதியில் தெருவை மறிக்கும் திட்டம் ஏதாவது வந்தால், ஒப்புதல் தருவதற்கு முன் நிலத்தடி வரைபடத்தைக் கேளுங்கள். வால்வு எந்தப் பக்கம், ஆள்நுழைவுக் குழிக்கு வண்டி எப்படி வரும், தீயணைப்பு வண்டி எங்கே திரும்பும்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.