புலங்களைச் சேர்க்கும்போது இடையில் ஒரு குறி: அறிக்கைகளைப் பிரித்து அனுப்புவோர் கவனத்திற்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர், யாழ்ப்பாண மாவட்டத்தில் பல கிளைகளைக் கொண்ட ஒரு கடன் நிறுவனத்துக்காக மாதாந்தக் கணக்கறிக்கைகளைத் தயாரிக்கும் பொறுப்பில் நான் இருந்தேன். ஒருநாள் காலை, வடமராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமக்கு மின்னஞ்சலில் வந்த கணக்கறிக்கையை அச்செடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு வந்தார். முதற்பக்கத்தில் அவருடைய சேமிப்பு விபரம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில், அவர் ஒருபோதும் கண்டிராத ஒரு பெண்மணியின் நகை அடைவு விபரம், பவுண் கணக்கோடும் நிலுவை வட்டியோடும் இருந்தது. “தம்பி, இது ஆற்றையோ தாலிக்கொடி. எனக்கேன் வந்தது?” என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை மடித்து, எழுத்துத் தெரியாதவாறு கவிழ்த்து மேசையில் வைத்தார். நகையை அடைவு வைத்ததைக் கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லாமல் மறைக்கும் ஊரில், முன்பின் தெரியாத ஒருவரின் கைக்கு அந்த விபரத்தை அனுப்பியது நான் எழுதிய ஒற்றை வரி நிரல் என்பதை அன்று மாலை கண்டறிந்தேன்.

நிகழ்ந்தது இதுதான். ஒவ்வொரு கிளையும் ஆரம்பத்தில் தனித்தனியாக வளர்ந்ததால், எல்லாக் கிளைகளிலும் அங்கத்தவர் இலக்கம் 1 இலிருந்தே தொடங்கியது. ஆகவே அங்கத்தவர் இலக்கம் மட்டும் ஓர் ஆளை அடையாளம் காட்டப் போதாது என்று எண்ணி, கிளை இலக்கத்தையும் அங்கத்தவர் இலக்கத்தையும் ஒட்டி ஒரு புதிய புலத்தை, அதாவது ஒவ்வொரு பதிவிலும் ஒரு விபரத்துக்கான இடத்தை, உருவாக்கியிருந்தேன். எண்ணம் சரியானது. ஆனால் கிளை 1இன் அங்கத்தவர் 1203 என்பவருக்கும், கிளை 11இன் அங்கத்தவர் 203 என்பவருக்கும் ஒட்டிய பின் கிடைத்த இலக்கம் ஒன்றேதான்: 11203. கணினிக்கு அவர்கள் இருவரும் ஒருவரே ஆனார்கள். இருவருடைய விபரங்களும் ஓர் ஆவணத்துக்குள் போயின.

ஒரே பெரிய அறிக்கையை ஒருமுறை மட்டும் இயக்கி, அதனை ஆளுக்கொன்றாகவோ கிளைக்கொன்றாகவோ வெட்டி, உரியவரிடம் சேர்ப்பிக்கும் இந்த முறையை இத்துறையில் ‘பேர்ஸ்டிங்’ என்கிறோம். ஓரக்கிள் பிஐ பப்ளிஷர், ஐபிஎம் கொக்னோஸ் போன்ற கருவிகளில் இதற்கான வசதி உண்டு. பிஐ பப்ளிஷரில் எந்தப் புலத்தின்படி பிரிப்பது, எந்தப் புலத்தின்படி அனுப்புவது என்ற இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புலத்தையே காட்டமுடியும். பிரிக்கவேண்டிய அலகு இரண்டு மூன்று புலங்களின் சேர்க்கையாக இருக்கும்போது, அவற்றைத் தரவு வினவலிலேயே (தரவுத்தளத்திலிருந்து விபரங்களைக் கேட்டெடுக்கும் கட்டளையிலேயே) சேர்த்து ஒரே புலமாக்கிக் கொடுப்பதே நடைமுறை வழியாகிறது. பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த பிள்ளைகள் ‘முதன்மைச் சாவி’ என்று அறிந்திருக்கும் கருத்தின், அதாவது ஒரு பதிவை மற்றவற்றிலிருந்து தனித்துக் காட்டும் புலத்தின், நீட்சிதான் இது.

சேர்க்கை இலக்கம் நமக்குப் புதியதன்று. ஊழியர் சேமலாப நிதியின் இலக்கத்தைப் பார்த்தால், வலய எழுத்து, தொழில்தருநர் இலக்கம், அங்கத்தவர் இலக்கம் என்று மூன்று பகுதிகள் இருக்கும். எத்தனையோ தொழில் நிலையங்களில் அங்கத்தவர் இலக்கம் 1 உடையவர்கள் இருப்பார்கள். மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் ஆள். அவற்றைக் காகிதத்தில் எழுதும்போது இடையில் சாய்கோடு இடும் பழைய வழக்கத்தை நான் நிரலில் கைவிட்டதே தவறு.

எனவே முதலாவது விதி, சேர்க்கும் புலங்களுக்கு இடையில் ஒரு பிரிப்புக்குறி கட்டாயம் இருக்கவேண்டும் என்பதாகும். அந்தக் குறி எந்தப் புலத்தின் உள்ளேயும் வராததாக இருக்கவேண்டும். கிளைக் குறியீட்டுக்குள்ளேயே சிறுகோடு வருமானால் சிறுகோட்டைப் பிரிப்புக்குறியாக வைப்பதில் பயனில்லை. சிலர் இதற்குப் பதிலாக இலக்கங்களின் முன்னே பூச்சியங்களை நிரப்பி, எல்லாவற்றையும் ஒரே நீளமாக்குவார்கள். பார்வைக்கு அழகான தீர்வுதான். ஆனால் ஓரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிறெஸ் ஆகிய மூன்று தரவுத்தள மென்பொருள்களிலும் இடப்பக்கம் நிரப்பும் சார்பு, குறித்த நீளத்தை விஞ்சிய இலக்கத்தை அறிவிப்பு எதுவுமின்றி வெட்டிவிடும். நான்கு இலக்க நீளம் என்று வைத்திருந்தால், 12345 என்பது 1234 ஆகிவிடும். அங்கத்தவர் தொகை பத்தாயிரத்தைத் தொடும் மாதம்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது என்பதால், நிரப்பினாலும் பிரிப்புக்குறியை விடவேண்டாம் என்றும், நீளத்தைத் தாராளமாக வைக்கவேண்டும் என்றும் என்னோடு பணிபுரிவோரிடம் சொல்லிவருகிறேன்.

அடுத்தது வெறுமையான புலங்கள். ஒருவருக்குக் கிளை இலக்கம் பதியப்படாமல் விடுபட்டிருந்தால் சேர்க்கை என்னவாகும் என்பது, நீங்கள் பயன்படுத்தும் தரவுத்தளத்தைப் பொறுத்தது. ஓரக்கிளில் இரட்டைக் குத்துக்கோட்டால் (||) சேர்க்கும்போது வெறுமை கணக்கில் எடுக்கப்படாமல் மற்றப் பகுதி அப்படியே கிடைக்கும். போஸ்ட்கிறெஸில் அதே குறி முழு விடையையும் வெறுமையாக்கிவிடும். மைஎஸ்கியூஎல்லில் புலங்களைச் சேர்க்கும் கொன்கற் (CONCAT) சார்பும் அவ்வாறே. எஸ்கியூஎல் சேர்வரின் கொன்கற் சார்போ வெறுமையை வெற்றுச் சரமாக, அதாவது எழுத்தே இல்லாத சொல்லாக, எடுத்துக்கொள்ளும். சாவி வெறுமையான பதிவுகள் அனைத்தும் ஒரே குவியலாகச் சேர்ந்து, பலருடைய விபரங்களைக் கொண்ட ஓர் ஆவணமாக வெளியேறக்கூடும். வெறுமையை ஏதோவொரு சொல்லால் நிரப்பி ஒப்பேற்றுவதை நான் ஏற்பதில்லை. அத்தகைய பதிவுகளை வெளியே எடுத்து, கிளைக்குத் திருப்பியனுப்பித் திருத்துவிப்பதே முறை. அதனால் அறிக்கை ஒருநாள் தாமதித்தாலும் பாதகமில்லை.

தமிழில் பதியப்பட்ட பெயர்களைச் சாவியில் சேர்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளின்படி ஓர் அறிக்கையைப் பிரிக்கும்போது, பெயரையே பயன்படுத்தினால் என்ன என்று தோன்றும். ஆனால் ‘கோப்பாய்’ என்ற சொல்லின் ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் கொம்பு, கால் என்ற இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. குறியீடுகளை வைத்து ஒப்பிடும் கணினிக்கோ அவை இரண்டு வேறு சொற்கள். ஒரே கோப்பாய்க்கு இரண்டு ஆவணங்கள் வந்து, இரண்டிலும் பாதிப் பாதி விபரம் இருப்பதைப் பார்த்துத் தடுமாறியிருக்கிறேன். இதனுடன் தெல்லிப்பழை, தெல்லிப்பளை என்ற இரு எழுத்துமுறைகளும், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டு அப்படியே தேங்கிக்கிடக்கும் பழைய பதிவுகளும் சேர்ந்தால் குழப்பம் பன்மடங்காகும். சாவிக்குள் பெயரை ஒருபோதும் வைக்காதீர்கள்; குறியீட்டை வையுங்கள். பெயர் ஆவணத்தின் தலைப்பில் அச்சாகட்டும்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக நம்புவோரும் கவனிக்கவேண்டும். 2016 முதல் 12 இலக்க முறை வந்தபின், பழைய 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட வடிவமும் புழக்கத்தில் இருப்பதால், ஒரே ஆள் இரண்டு பதிவுகளில் இரண்டு வடிவங்களில் இருப்பது சாதாரணம். இங்கே நேர்வது முதலிற் சொன்னதற்கு மறுதலையான பிழை: ஒருவர் இருவராகிவிடுகிறார்.

சாவி சரியாக அமைந்தபின், தரவை அந்தச் சாவியின்படியே வரிசைப்படுத்தவோ தொகுக்கவோ வேண்டும். மேலிருந்து கீழாக வாசித்து, சாவி மாறும் இடத்தில் வெட்டும் கருவியிடம் வரிசை குலைந்த தரவைக் கொடுத்தால், ஒருவருடைய கணக்கு துண்டுதுண்டாகும். சாவியையே கோப்பின் பெயராகவும் வைக்கும் வழக்கம் இருந்தால் சாய்கோட்டைத் தவிர்க்கவேண்டும். கிராம அலுவலர் பிரிவுகளின் இலக்கங்களை நாம் ‘ஜே’ எழுத்தும் சாய்கோடும் இட்டே எழுதுகிறோம். விண்டோஸில் சாய்கோடு கோப்புப் பெயரில் வரமுடியாது. கோப்புப் பெயருக்கு மட்டும் அதனை அடிக்கோடாக மாற்றிவிட்டால் போதும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விபரங்களைக் கையாள்வோர் அவற்றின் இரகசியத்தைத் தகுந்த தொழினுட்ப ஏற்பாடுகளால் காக்கவேண்டும் என்கிறது. பிரிப்புச் சாவியை எழுதுபவர் யாருடைய விபரத்தை யார் பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார். ஆனால் அந்த வரி பெரும்பாலும் அவசரத்தில், வேறெவரும் வாசித்துப் பாராமல் எழுதப்படுகிறது.

அந்த ஆசிரியர் வந்துபோன பின், அனுப்புவதற்கு முன்னர் நான் தவறாமற் செய்பவை உண்டு. கிளை இலக்கமும் அங்கத்தவர் இலக்கமும் தனித்தனிப் புலங்களாக இருக்கும் நிலையில் எத்தனை வேறுபட்ட சோடிகள் உள்ளன என்று எண்ணுவேன். சேர்த்த பின் எத்தனை வேறுபட்ட சாவிகள் உள்ளன என்றும் எண்ணுவேன். இரண்டும் சமமில்லையென்றால் வேலை அங்கேயே நிற்கும். அன்று இந்த ஒரு வினவலை இயக்கியிருந்தால் பிழை அரை நிமிடத்தில் அகப்பட்டிருக்கும். உருவான ஆவணங்களின் தொகை சாவிகளின் தொகையோடு பொருந்தவேண்டும்; எல்லா ஆவணங்களின் நிலுவைகளையும் கூட்டினால் மூல அறிக்கையின் கூட்டுத்தொகை வரவேண்டும். அனுப்பும் முகவரிகளைத் தரும் வினவலில் உள்ள சாவியும் அறிக்கையில் உள்ள சாவியும் ஒரே முறையில் சேர்க்கப்பட்டனவா என்பதையும் பார்ப்பேன். ஒன்றில் இடைவெளியும் மற்றதில் சிறுகோடும் இருந்தால் ஆவணம் எவருக்கும் போய்ச்சேராது. இவ்வளவும் முடிந்தபின், முதல் ஓட்டத்தில் அனைத்து ஆவணங்களையும் என் முகவரிக்கே அனுப்பி, ஒற்றை இலக்கக் கிளைகளிலிருந்தும் இரட்டை இலக்கக் கிளைகளிலிருந்தும் சிலவற்றைத் திறந்து, கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறேன்.