பெட்சா மலைக்குள் காரீயம் சேர்ந்த விதம்

சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சுமார் 15 கிராம் காரீயம் இருக்கும். ஸ்லோவேனியாவின் வட எல்லையில், ஆஸ்திரியாவை ஒட்டி நிற்கும் பெட்சா மலைக்கு அடியிலிருந்து வெட்டியெடுத்த தாது சுமார் 1.9 கோடி டன். அதில் கிடைத்த காரீயம் ஏறக்குறைய 10 லட்சம் டன். கணக்குப் போட்டால் டன்னுக்கு 50 கிலோவுக்கும் மேல், அதாவது மூவாயிரம் மடங்குக்கு மேல் செறிவு. இத்தனை காரீயத்தை ஒரே இடத்தில் குவித்தது எது?

மலைக்குள் உலோகம் என்றதும் எரிமலைக் குழம்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பெட்சாவுக்கு அடியிலுள்ள இந்த மெஷிட்சா சுரங்கத்தில் அதற்கு வேலையே இல்லை. இங்கே எல்லாம் தண்ணீரின் கைவேலை.

சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ட்ரையாசிக் காலத்தில், இன்றைய பெட்சா இருக்கும் இடம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடல். அதில் படிந்த சுண்ணாம்புச் சேறு கெட்டியாகிச் சுண்ணாம்புக்கல்லும் அதையொத்த டோலமைட் பாறையும் ஆனது. அதன்மேல் நீர் எளிதில் புகாத களிப்பாறை மூடிபோலப் படிந்தது.

அப்புறம்தான் கதை சூடு பிடிக்கிறது. உப்பு மிகுந்த நீர், அடியிலுள்ள பழைய பாறைகளின் வழியே ஊறி வரும்போது அவற்றிலிருந்த காரீயத்தைச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொண்டது. வெறும் நீரில் காரீயம் அவ்வளவாகக் கரையாது. குளோரைடு நிறைய இருந்தால் அதோடு பிணைந்துகொண்டு வெகுதூரம் பயணிக்கும். இன்னொரு பக்கம், கடல்நீரின் சல்ஃபேட்டைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிட்டன. இந்த இரண்டு நீரும் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளில் சந்தித்தன. காரீயமும் கந்தகமும் சேர்ந்த உடனே கரையாத கலீனா என்ற காரீயத் தாது படிகமாக இறங்கிவிட்டது. துத்தநாகமும் இதேபோல் ஸ்ஃபாலரைட் என்ற தாது ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கலீனா உருவாகும்போது அமிலமும் வெளிப்படுகிறது. அமிலம் பட்டால் சுண்ணாம்புக்கல் கரையும். ஆக, தாது படியப் படிய, அடுத்த தாதுவுக்கான இடத்தைத் தானே அரித்து உண்டாக்கிக்கொண்டது.

இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடிகிறது? பாக்டீரியா சல்ஃபேட்டைச் சிதைக்கும்போது கந்தகத்தின் இலேசான ஐசோடோப்பையே (ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை) அதிகம் எடுத்துக்கொள்ளும். மெஷிட்சா தாதுவில் அந்த இலேசான கந்தகம் மிகுந்திருக்கிறது. காரீயத்தின் ஐசோடோப்புகளோ, அது சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லைவிடப் பழைய பாறைகளிலிருந்து வந்ததைக் காட்டுகின்றன.

பிறகு ஆல்ப்ஸ் எழுந்தது. படிவுகள் உடைந்து, பிசகி, நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. ஒரு துண்டு தீர்ந்தால் அடுத்ததைத் தேடிக் குடைய வேண்டும். 1665-இல் தொடங்கி 1994-இல் உற்பத்தி நிற்கும் வரை குடைந்த சுரங்கப் பாதைகள் 800 கி.மீ.க்கும் அதிகம். இன்று அது அருங்காட்சியகம். நீர் நிரம்பிய கீழ்மட்டங்களில் கயாக் படகு ஓட்டலாம்.

மலை எழுந்ததால் இன்னொரு மாற்றமும் நடந்தது. மழைநீர் பிளவுகள் வழியே ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோய்க் கலீனாவைச் சிதைத்தது. விடுபட்ட காரீயம் மாலிப்டினம் என்ற உலோகத்தோடு சேர்ந்து வுல்ஃபெனைட் என்ற கனிமம் ஆனது. மஞ்சளும் ஆரஞ்சுமாக மின்னும் இந்தப் படிகங்களுக்காகவே உலகெங்கும் கனிமம் சேகரிப்பவர்கள் மெஷிட்சாவை அறிவார்கள். பக்கத்து ஆஸ்திரியாவின் கரிந்தியா பகுதியில் கிடைத்த இந்தக் கனிமத்தைப் பற்றி 1785-இல் விரிவாக எழுதிய பாதிரியார் வுல்ஃபெனின் பெயரே அதற்கு நிலைத்தது.

கந்தகத் தாதுவுள்ள பல சுரங்கங்களிலிருந்து அமில நீர் வழிந்து ஆறுகளைக் கெடுக்கும். இங்கே சுண்ணாம்புக்கல் அந்த அமிலத்தைப் பெருமளவு முறித்துவிடுகிறது. சுரங்கத்தை ஒட்டிய பள்ளத்தாக்கை அதிகம் பாதித்தது தாதுவை உருக்கிய ஆலைதான். உலைப்புகையில் வந்த காரீயம் வீட்டுத் தோட்டங்களிலும் தெருப் புழுதியிலும் படிந்து, குழந்தைகளின் ரத்தம் வரை போனது. 2007-இலிருந்து அரசுத் திட்டத்தின் கீழ் அங்கே மண்ணை மாற்றுகிறார்கள், புழுதிச் சாலைகளுக்குத் தார் போடுகிறார்கள், குழந்தைகளின் ரத்தத்தில் காரீய அளவைத் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள்.