டி நோவோ அனியூரிசம்: புதுத் தமனிப் புடைப்பு

தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, குருதி அழுத்தத்தால் வெளிப்புறமாகப் பை போலப் புடைத்து நிற்பதே அனியூரிசம். அகலம் என்னும் பொருளுடைய ‘யூரிஸ்’ என்ற கிரேக்க அடியிலிருந்து, ‘விரிந்தது’ என்னும் பொருளில் இச்சொல் பிறந்தது. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலனும் இந்நிலையை விவரித்திருக்கிறார்.

மூளைத் தமனியில் ஏற்படும் இதனைத் தமிழில் ‘மூளை வீக்கம்’ என எழுதுவது பெரும்பிழை. மூளைத் திசுவில் நீர் கோத்து வீங்குவது முற்றிலும் வேறான நோய்நிலை. ‘கட்டி’ என்றாலோ குடும்பத்தார் புற்றுநோயை நினைத்து அஞ்சுவர். ‘நாளப் புடைப்பு’ என்பதிலும் ஓர் இடர் உண்டு: இலங்கைப் பாடநூல்களில் நாளம் என்பது இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொணரும் சிரையைக் குறிக்கும். ஆகவே தமிழ்நாட்டில் தமனிப் புடைப்பு என்றும், தமனியை நாடி என வழங்கும் இலங்கையில் நாடிப் புடைப்பு என்றும் எழுதுவதே பொருந்தும்.

‘டி நோவோ’ என்னும் லத்தீன் தொடருக்குப் ‘புதிதாக’ என்பது பொருள். முன்னரே தமனிப் புடைப்பு கண்டறியப்பட்ட ஒருவருக்கு, முன்பு எடுத்த தமனிப் படத்தில் இயல்பாக இருந்த வேறோரிடத்தில் பின்னர் உருவாகும் புடைப்பையே இது குறிக்கும். கிளிப் என்னும் கவ்வியை வெளியே பொருத்தியோ, காயில் என்னும் நுண்கம்பிச் சுருளை உள்ளே நிரப்பியோ அடைத்த புடைப்பில் மறுபடியும் குருதி புகுவது ‘மீள்வு’. முன்பே இருந்த சிறு புடைப்பு பெரிதாவது ‘வளர்ச்சி’. இம்மூன்றையும் ‘திரும்ப வந்துவிட்டது’ என்ற ஒரே தொடரில் அடக்கினால், முதலில் செய்த அறுவை பயனற்றுப் போயிற்று என்று நோயாளி தவறாக எண்ணிக் கலங்க நேரும். புதுத் தமனிப் புடைப்பு என்று சொன்னால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

எனினும், புதிது என்று தீர்ப்பதற்கு முந்தைய படம் தெளிவாக இருந்திருக்க வேண்டும். அப்போதே இருந்து கண்ணுக்குத் தப்பிய நுண்புடைப்பு இப்பெயருக்கு உரியதன்று. உயிருள்ளவரின் மூளைத் தமனிகளைப் படமெடுக்கும் முறையை 1927இல் லிஸ்பனில் போர்த்துகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் உருவாக்கிய பின்னரே இத்தகைய ஒப்பீடு இயல்வதாயிற்று.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து 2001இல் வெளிவந்த நீண்டகாலத் தொடராய்வில், புதுப்புடைப்பு உருவாகும் வீதம் ஆண்டுக்கு 0.84 விழுக்காடாக இருந்தது. பெண்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் அது மிகுந்து காணப்பட்டது. ஓராண்டுக்கு இது சிறிய அளவே ஆயினும் ஆண்டுதோறும் கூடிச் செல்வதால், இளவயதில் நோய் கண்டவர்களுக்கு, முதற்புடைப்பு முழுமையாக அடைபட்ட பிறகும், குறித்த இடைவெளியில் மூளைத் தமனிகள் அனைத்தையும் படமெடுத்துப் பார்க்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.