ஆக்சென்டுக்கு மார்க் கிடையாது, மக்களே!

போன வாரமும் ஒரு பிள்ளை. கருங்கல் பக்கம் வீடு, திருவனந்தபுரத்தில் ஐசியூ நர்ஸ். வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, அதில் ஸ்பீக்கிங்கில் மூன்றாம் தடவையும் 5.5. அங்கே நர்ஸாகப் பதிய பிரிட்டன் நர்சிங் கவுன்சில் கேட்பது 7. (ரைட்டிங்குக்கு 6.5 போதும். இது தெரியாமல் திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறவர்களும் உண்டு.)

“எனக்க ஆக்சென்டுதான் டீச்சரே பிரச்சனை” என்றாள்.

ஊரைப் பற்றிப் பேசச் சொன்னேன். மூக்கால் ஓர் இழுவை. ‘வாட்டர்’ ‘வாரர்’ ஆனது. மனப்பாடம் செய்த அருவியும் ஆறும் மூச்சுவிடாமல் கொட்டின. நடுவில் மறித்து, “மழைக்காலத்தில் உங்கள் தெருவில் என்ன தொல்லை?” என்றேன். நின்றுபோனாள். தேர்வு நடத்துகிறவரும் இப்படித்தான் நடுவில் மறித்துக் கேட்பார். ஒப்பிக்கிறது காதுக்குத் தெரியாதா என்ன?

பிறகு நைட் டூட்டியில் நடந்த ஒன்றைக் கேட்டேன். வென்டிலேட்டர் அலாரம் அடித்தது, ட்யூப் மடங்கிக் கிடந்தது, இவள் ஓடிப்போய் நிமிர்த்தினாள். எல்லாம் நம்ம ஊர் ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் வந்தது. இரண்டு இடத்தில் இறந்தகாலம் பிசகியது, அவ்வளவுதான்.

ஸ்பீக்கிங்கில் பார்ப்பது நான்கு: தடுமாறாத கோர்வை, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. உச்சரிப்பு என்றால் கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பது. லண்டன்காரி மாதிரி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மறுபடியும் சொல்கிறேன், பார்ப்பதில்லை! போலி ஆக்சென்டைக் கட்டிக் காப்பதிலேயே கவனம் போனால் கோர்வையும் இலக்கணமும் சேர்ந்து சரியும்.

திருத்த வேண்டியது வேறு. ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் ஒரே மாதிரி வந்தால், வார்டில் 15 மில்லிகிராம் 50 ஆகிவிடும். ‘டீனை’ நீட்டி அழுத்துங்கள். ‘ஸ்கூலு’க்கு முன்னால் ‘இ’ போடாதீர்கள்.

ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதுகிறவர்களே, ஸ்பீக்கிங்கில் எதிரில் நோயாளியாக நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுகிறார்கள். பயந்துபோன நோயாளியிடம் தினமும் எப்படிப் பேசுகிறீர்களோ, அப்படிப் பேசுங்கள்.

‘பரீட்சை எழுதாமலே சர்டிபிகேட்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறவனுக்காக அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மதிப்பெண்ணைக் கவுன்சில் ஆன்லைனில் சரிபார்க்கும். போலி அங்கே நிற்காது.

தேர்வுக்குப் பதியும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்பது நம்மூரில் வீட்டுக்கு வீடு உண்டு. தேர்வன்று அதே பாஸ்போர்ட், அசல். ஜெராக்ஸோடு போய் வாசலில் நின்று எனக்குப் போன் பண்ணி அழுதால் நான் என்ன செய்ய முடியும்?