"கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பது எதிர்வாதம் ஆகாது

வேலையில் சேரும் நாளில் உத்தரவாதம் என்று கேட்டார்களே என்பதற்காக, தொகையும் தேதியும் எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டபின் காசோலை வழக்கின் சம்மனோடு வந்து நிற்கும் இளைஞர்களை, தொழிலாளர் வழக்குகளையும் வணிக வழக்குகளையும் நடத்தும் என் போன்றோர் தொடர்ந்து பார்க்கிறோம். அண்மையில் வந்தவரின் காசோலையில், அவர் அங்கே வாங்கிய மொத்தச் சம்பளத்தை விஞ்சும் தொகை எழுதப்பட்டிருந்தது. "சார், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன், மற்றதெல்லாம் அவர்கள் எழுதியது" என்றார். கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம் அது.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: காசோலையை யார் நிரப்பினார் என்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகவே தரப்பட்டது என்று, காசோலைகளுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு அனுமானிக்கும். மனமுவந்து கொடுத்த வெற்றுக் காசோலைக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அப்படியிருந்தும், காசோலையைக் கையெழுத்து நிபுணருக்கு அனுப்ப மனுப் போடுங்கள் என்று கட்சிக்காரர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒப்புக்கொண்ட கையெழுத்தைப் பற்றி நிபுணர் என்ன சொல்லிவிடப் போகிறார்? (வாய்தாவை இழுக்க உதவும் என்று சொல்லி அந்த மனுவைப் போட்டுத் தரும் வக்கீல்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள்.) பணம் தர வேண்டாமென்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாலோ கணக்கையே மூடிவிட்டதாலோ மட்டும் தப்பிவிட முடியாது. காசோலை பணமாகாமல் திரும்புவதைக் குற்றமாக்கும், அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவின் தண்டனை, 2 ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

உண்மையான எதிர்வாதம் வேறு: காசோலை வங்கிக்குப் போன நாளில் அந்தத் தொகைக்குச் சட்டப்படி செல்லத்தக்க கடன் இல்லை என்பது. இதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நம்பத்தக்கது என்று காட்டினாலே போதும். வேலையை இடையில் விட்டால் தர வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் நிறுவனம் எழுதிய தொகை முழுவதும் கடனாகிவிடாது; ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. ஆனால் இதைக் காட்டப் பத்திரத்தின் நகல், சம்பளச் சீட்டுகள், ராஜினாமா மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். அவற்றைக் கேட்டால் பலரும் அலுவலகக் கணினியிலேயே விட்டுவந்துவிட்டோம் என்கிறார்கள்.

ஆகவே வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், காசோலையின் எண்ணையும் கொடுத்த நோக்கத்தையும் எழுதி ஒப்புகை வாங்குங்கள். விலகும்போது எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தால் வங்கி வழியே மட்டும் கொடுங்கள். அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் 138-ஆம் பிரிவு வழக்கு நிற்காது என்பது 2022-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

வக்கீல் நோட்டீஸை வாங்க மறுத்தால் நோட்டீஸ் வராமல் போய்விடாது. சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். பெற்ற நாளிலிருந்து பணம் செலுத்த 15 நாள்தான் அவகாசம். அதற்குள் உறையோடு வாருங்கள். காசோலை திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட்டதா என்பதை அஞ்சல் முத்திரையை வைத்துத்தான் முதலில் பார்ப்போம்.